உங்களை நீங்களே ஏன் கிச்சுக்கிச்சு மூட்ட முடியாது? யாரும் பேசாத குரல் காதில் கேட்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது!

வணக்கம். முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் உள்ளங்காலை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வந்ததா? வந்திருக்காது. இப்போது பக்கத்தில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ அதே இடத்தில் மூட்டச் சொல்லுங்கள். துள்ளிக் குதிப்பீர்கள். அதே கால்தான், அதே கூச்சம்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இன்றைய வீடியோ மனச்சிதைவு நோயைப் பற்றியது. யாரும் பேசாதபோதும் குரல் கேட்பது இதன் முக்கியமான அறிகுறி. கடலூர் முதுநகரில் என் தாய்மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். அவர் கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "நாலு பேருக்கு உதவும் என்றால் சொல்" என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று புரியும். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரும். இதற்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1908இல். சினிமாவில் வருவது போல ஓர் உடம்பில் இரண்டு ஆட்கள் இருப்பது இந்த நோய் இல்லை. அந்தக் குழப்பத்தை இத்துடன் விட்டுவிடுங்கள்.

இனி கிச்சுக்கிச்சுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மளிகைக் கடையில் பில் புத்தகம் பார்த்திருப்பீர்கள். மேல் தாளில் எழுதும்போதே அடியில் கார்பன் தாள் வழியாக ஒரு நகல் விழும். மேல் தாள் வாடிக்கையாளருக்கு, நகல் கடைக்காரருக்கு. நம் மூளையும் இதையே செய்கிறது. கைக்கு 'அசை' என்று உத்தரவு எழுதும்போதே, உணர்வுகளைக் கவனிக்கும் பகுதிக்கு ஒரு நகல் அனுப்பிவிடுகிறது: 'இப்போது ஒரு தொடுதல் வரும், நம் வேலைதான், கண்டுகொள்ளாதே.' அதனால்தான் சொந்த விரலுக்குக் கூச்சம் வருவதில்லை.

அந்த நகல் சரியாக விழாவிட்டால்? 2000ஆம் ஆண்டில் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். காதில் குரல் கேட்பவர்கள், 'என் கையை வேறு யாரோ அசைக்கிறார்கள்' என்று உணர்பவர்கள் ஆகியோரின் உள்ளங்கையில், ஒருமுறை அவர்களே தொட்டார்கள், ஒருமுறை பிறர் தொட்டார்கள். மற்றவர்களால் இரண்டையும் வேறுபடுத்த முடிந்தது, இவர்களால் முடியவில்லை. சொந்தத் தொடுதலும் பிறர் தொட்டது போலவே கூசியது.

இதே கணக்கைப் பேச்சுக்குப் போட்டுப் பாருங்கள். நாம் எல்லோரும் நாள் முழுக்க மனத்துக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். 'கேஸ் அடுப்பை அணைத்தேனா?', 'அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.' இதற்கும் நகல் உண்டு. நகல் தொலைந்தால், தன் எண்ணமே அடுத்தவர் குரலாக வந்து விழும். குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படம் எடுத்தபோது, பேச்சை உருவாக்கும் பகுதியும் வேலை செய்வது தெரிந்தது. முழு நோயையும் இந்த ஒரு விளக்கம் சொல்லிவிடாது. ஆனால் ஒன்றைச் சொல்கிறது: அவருக்குக் கேட்கிறது. நடிப்போ வீம்போ கிடையாது. 'அங்கே யாரும் இல்லை, எதற்குப் பொய் சொல்கிறாய்?' என்று அவரிடம் கேட்பது, பல்வலிக்காரரிடம் உனக்கு வலிக்கவே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

இதைவிட ஆச்சரியமான செய்தி ஒன்று நம் சென்னையிலிருந்து வந்தது. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் சென்னை மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, 2015இல் வெளியானது. கலிபோர்னியாவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். கேட்ட கேள்விகளில் ஒன்று: உங்கள் குரல்கள் என்ன சொல்கின்றன? அமெரிக்கர்கள் பலர், 'வெட்டு, குத்து' என்று யாரோ தெரியாதவர் மிரட்டுவதாகச் சொன்னார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில்? அம்மா, மாமியார், அக்கா! சமையலை முடி, குளித்துவிட்டு வா, கடைக்குப் போ. எல்லோருக்கும் இப்படி இல்லை, இங்கேயும் கொடூரமான குரல்கள் உண்டு. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்தபந்தங்களின் குரலைத்தான் கேட்டார்கள். நோயிலும் நமக்கு வீடு நிறைய உறவினர்கள்!

அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாமாவுக்குக் கேட்டது, இறந்துபோன என் தாத்தாவின், அதாவது அவருடைய அப்பாவின் குரல்.

'வலையை நனைய விடாதே.' இதுதான் அந்தக் குரல் சொன்னது. மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மழையே இல்லாத சித்திரை மாதத்தில், நடு இரவு இரண்டு மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போய், காய்ந்து கிடக்கும் நைலான் வலையை மடித்து மடித்து வீட்டுக்குள் கொண்டுவருவார். காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார், குரல் நிற்கவில்லை. அப்பாவின் ஆவி இறங்கியிருக்கிறது என்றார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அதில் நான்கு ஆண்டுகள் போயின. பிறகு குரல் குறைந்து அவர் அசையாமல் உட்காரத் தொடங்கினார். குளிக்கவில்லை, பேசவில்லை. 'சோம்பேறி' என்றார்கள். ஆசையும் முனைப்பும் வற்றிப்போவதும் இந்த நோயின் அறிகுறிதான், குரலைவிட அதிகமாக வாழ்க்கையை முடக்குவதும் அதுதான் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்றும் ஒரு பெரியவர் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் யாருக்கும் செய்யாதீர்கள். மறைத்து நடத்தும் திருமணத்தில் இரண்டு உயிர்கள் வதைபடும்.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை; மருத்துவரையும் பாருங்கள் என்கிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்காவில் குணமாகும் என்று நம்பி நோயாளிகளைக் கொண்டுவந்து விடும் ஏர்வாடியில், ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

இதன் உறவுக்கார நோய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று வந்து ஒரு மாதத்துக்குள் போய்விடுவது உண்டு. கடும் சோர்வோ மிதமிஞ்சிய உற்சாகமோ சேர்ந்து வருவது உண்டு. கஞ்சாவால் தூண்டப்படுவது உண்டு. பிரசவமான சில நாட்களில் தாய் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினால், 'ஜன்னி' என்று சொல்லிக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அது அவசரம்.

மருந்து? 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து உண்டு. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேகத்தை இவ்வகை மருந்துகள் தணிக்கின்றன. எடை கூடலாம், கை நடுங்கலாம், தூக்கம் அழுத்தலாம். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். மாமாவுக்கு இரண்டு முறை வந்தது.

எங்கே போவது? புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆல்பேட்டைப் பாலம் தாண்டி ஒரு மணி நேர பஸ் பயணம். கடலூரிலேயே அரசு தலைமை மருத்துவமனையில் கேட்கலாம். கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். பதிந்துவிட்டீர்களா? உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புங்கள்.

வீட்டில் அவரிடம் என்ன பேசுவது என்று பலர் கேட்கிறீர்கள். குரலை ஆமோதிக்கவும் வேண்டாம், மறுத்து வாதாடவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது. சாப்பிட்டாயா?' இவ்வளவு போதும். திட்டும் குத்தலும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாமா இதோ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் மாத்திரை போட்டாயிற்று. கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, கிழிந்த இடத்தை ஊசியால் பின்னிக்கொண்டிருக்கிறார். குரல் முழுவதும் போய்விடவில்லை. நேற்றும் வந்ததாம்.

"தாத்தா என்ன சொன்னார் மாமா?"

"வலையை உள்ளே எடுத்து வை என்றார்."

"நீங்கள்?"

"இந்தக் கண்ணி முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்."