நூறு படம் தாண்டினவருக்கும் சீரியல் பரீட்சைதானுங்க

நடுவர் ஐயா அவர்களே, சூலூர்ப் பெரியோர்களே, வணக்கமுங்க. பல வேஷம் கட்டுற நடிகரை உரசிப் பாக்கற கல்லு வெள்ளித்திரையா, சின்னத்திரையா? சின்னத்திரைதானுங்க.

எதிரணி நண்பர் நம்ம காசிக்கவுண்டன்புதூர் சிவகுமாரையே சாட்சிக்கு இழுத்தார். 1967-ல் 'கந்தன் கருணை' முருகன், 1979-ல் நூறாவது படம் 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி', 1985-ல் 'சிந்து பைரவி'ல ஜே.கே.பி.ங்கற கர்நாடக சங்கீதப் பாடகர். ஜே.கே.பி. பெரிய வேலைதான், ஒத்துக்கறேன். பாடினது யேசுதாஸ், அவர் மூச்சு வாங்கின இடத்துல இவரும் வாங்கோணும், சங்கதி, அதாவது ஒரே வரியை மாத்தி மாத்தி வளைச்சுப் பாடறது, போறப்பத் தொண்டை நரம்பு அசையோணும், தொடையில தாளம் தப்பக்கூடாது. ஒண்ணு பிசகினாலும் இரவல் குரல்னு பச்சப்புள்ளை கண்டுபிடிச்சிரும். ஆனா சினிமால ரீடேக் எடுக்க நேரம் இருக்குது, பொறுமையா வெட்டி ஒட்ட எடிட்டர் இருக்கறார்.

அதே மனுஷன் 1999-ல் 'சித்தி' சீரியலுக்கு வந்தாருங்க. அப்புறம் 'அண்ணாமலை' சீரியல். நண்பர் பட்டியல்ல ரெண்டையும் காணோம், மறந்துட்டாராட்டத் தெரியுது.

சீரியல்ல விளம்பரம் போக எபிசோடுக்கு ஏறக்குறைய 22 நிமிஷம் தேறோணும். ஹால்ல லைட் கட்டினா அஞ்சாறு எபிசோடு ஹால் சீனையும் அன்னைக்கே சுருட்டிருவாங்க. காலைல 40-ஆம் எபிசோடுக்கு எழவு வீட்டு அழுகை. சட்டை மாத்தினா 37-க்குக் கல்யாணப் பேச்சுச் சிரிப்பு. அழுத குரலு கம்மிக் கெடக்கும், கண்ணு செவந்திருக்கும். வெவரமானவர் சிரிக்கற சீனை முதல்ல எடுக்கச் சொல்லுவார்.

வசனத்தை உதவி இயக்குநர் கேமராப் பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுப்பார். காது அங்கே, கண்ணு எதிராளு மேல. கண்ணு துளி நகர்ந்தாலும் குளோசப்புல அப்பட்டமாத் தெரியும். ஒரு வரி முடியறதுக்குள்ள அடுத்ததைக் காதுல வாங்கலீன்னா நடுவுல பள்ளம் விழும்.

இதெல்லாங்கூடச் சமாளிச்சரலாமுங்க. சினிமால கிளைமாக்ஸ் தெரிஞ்சு நடிக்கலாம். சீரியல்ல கதை எங்கே போகுதுன்னு நடிகருக்கே தெரியாது. இன்னைக்கு முழு நல்லவனா நடிச்சுட்டா, ஆறு மாசம் கழிச்சுக் கெட்டவனாக்கறப்ப ஜனம் நம்பாது. அதனால சீனுக்குச் சீன் ஒரு சந்தேகத்தை மிச்சம் வெக்கோணும்: பார்வையை அரை நொடி முன்னாடியே விலக்கறது, பேச்சைப் பாதியில விழுங்கறது.

ஒரே மூஞ்சியை மூணு தடவை காட்டறாங்கன்னு நண்பர் கேலி பண்ணினார். 22 நிமிஷம் தேறலீன்னா எடிட்டிங்ல செய்யற ஒட்டுவேலை அது. நடிகர் மேல போடாதீங்க!

மணி அடிச்சாச்சு. அடுத்து வர்ற நண்பர் ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமுங்க: முடிவு தெரியாம ஒரே பாத்திரத்தை வருஷக்கணக்காச் சுமக்கச் சொல்லி எந்தப் படம் கேட்டிருக்குது?