மேசய சிங்களச் சொல்தான்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஐரோப்பியர் வரவால் சிங்கள மொழியும் சிங்களவர் அடுப்படியும் தோற்றனவா, வென்றனவா என்பது இன்றைய வழக்கு. வென்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மேசைக்கு மேசய, சட்டைக்குக் கமிசய, காலணிக்குச் சப்பத்துவ, சன்னலுக்கு ஜனேலய என்று போர்த்துக்கேயச் சொற்களை அடுக்கிவிட்டு, "வீட்டுச் சன்னலுக்குக்கூடச் சொந்தப் பெயர் இல்லையே" என்று வருந்தினார். தோழி, அந்தச் சொற்களின் வாலைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது மேசா. 'ய' சேர்த்தது யார்? ஒன்று என்றால் மேசய, பல என்றால் வாலை எடுத்துவிட்டு மேச. ஒன்று சப்பத்துவ, பல சப்பத்து. பூ ஒன்று என்றால் மல, பல என்றால் மல் என்பார்களே, அதே வழக்குத்தான். போர்த்துக்கேய மொழியில் பன்மைக்குச் சொல் நீளும், இங்கே குறுகுகிறது. வந்த சொல் யாருடைய இலக்கணத்துக்குப் பணிந்திருக்கிறது, நடுவர் அவர்களே?

மிளகாயை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் கப்பலில் வந்த காய் அது. முன்பு மிளகுக்குத்தான் சிங்களத்தில் மிரிஸ் என்று பெயர். புதுக் காய்க்கு வெளியூர்ப் பெயரைத் தேடாமல் அந்தப் பெயரையே கொடுத்தார்கள். பழைய மிளகு கம்மிரிஸ் ஆனது, அதாவது ஊர் மிரிஸ். நாமும் மிளகிலிருந்துதானே மிளகாய் என்று பெயர் வைத்தோம்!

அலுவலகத்துக்குக் கந்தோருவ, பத்திரம் எழுதுபவருக்கு நொத்தாரிஸ் போன்ற ஒல்லாந்தச் சொற்கள் அதிகாரத்தோடு வந்தவை. சரி, ஒப்புக்கொள்கிறேன். போர்த்துக்கேயர் தந்த ரொட்டியான பாணையும் மறுக்கமாட்டேன். இலங்கை மண்ணில் கோதுமை விளைவதில்லை. மாவுக்குக் கப்பலைத்தான் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் 1505இல் போர்த்துக்கேயர் வந்து இறங்கியபோது, "வெள்ளைக் கல்லைத் தின்கிறார்கள், இரத்தம் குடிக்கிறார்கள்" என்று பார்த்தவர்கள் கோட்டே அரசனிடம் போய்ச் சொன்னதாக இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் எழுதுகிறது. பாணையும் திராட்சை மதுவையும் பார்த்த மிரட்சி அது. அந்தக் கல்லைத்தான் இன்று கொழும்பில் பொல் சம்போல் என்ற தேங்காய்ச் சம்பலோடும் பருப்போடும் சாப்பிடுகிறார்கள். லிஸ்பனில் இப்படிச் சாப்பிடுவார்களா?

அப்புறம் கொக்கிஸ் என்ற பலகாரம். ஒல்லாந்தரின் கூக்யெஸ் என்ற பெயர் கடல் கடந்து வந்தது. அதில் சேர்வதைப் பாருங்கள். அரிசி மா, தேங்காய்ப்பால், கொஞ்சம் மஞ்சள், கொதிக்கிற தேங்காய் எண்ணெய். சூடேறிய அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கினால் பூப்போலக் கழன்று விழும். சித்திரைப் புத்தாண்டுக்கு அயல் வீட்டிலிருந்து வரும் தட்டில் வாழைப்பழம், கெவும், பாற்சோறு, இவற்றோடு கொக்கிஸ் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அதைக் கொண்டுவந்து தரும் அம்மாவிடம் இது ஒல்லாந்தர் பலகாரம் என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்: அந்தத் தட்டிலிருந்து கொக்கிஸை எடுத்துவிடச் சம்மதிப்பாரா?

நன்றி, வணக்கம்.