மூடினார்கள், மறுபடி வந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தணிக்கைக்கு முன்னால் பத்திரிகை நிற்குமா, விழுமா? நிற்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "நேற்றைய பேப்பர் வடை மடிக்கவாவது ஆகும், அரசாங்கம் மூடிய பேப்பர் அதற்கும் ஆகாது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, மூடிய பேப்பர் ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

1998 பிப்ரவரி. ஈரான் தலைநகர் தெஹ்ரானில் ஜாமிஆ என்று ஒரு சீர்திருத்த நாளிதழ் பிறக்கிறது. ஆசிரியர் ஷம்சுல்வாயிஸீன். புரட்சிக் காவல்படைத் தளபதி ஒரு மூடிய கூட்டத்தில், சிலர் கழுத்தை வெட்ட வேண்டும், சிலர் நாக்கை அறுக்க வேண்டும் என்று பேசினார். ஜாமிஆ அதை அச்சில் ஏற்றிவிட்டது! ஜூலையில் மூடினார்கள்.

அப்புறம்தான் அண்ணே கதையே. சில நாளில் கடையில் தூஸ் என்று ஒரு பேப்பர் தொங்குகிறது. பெயர்தான் புதிது. ஆசிரியர்? அதே ஷம்சுல்வாயிஸீன்! செப்டம்பரில் தூஸையும் மூடி, அவரையும் உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்தார். 1999 பிப்ரவரியில் நெஷாத். ஆசிரியர் யார்? நீங்களே சொல்லுங்கள்... அவரேதான்! மரண தண்டனையைக் கேள்வி கேட்டு அதில் ஒரு கட்டுரை வந்தது. செப்டம்பரில் மூடினார்கள். அக்டோபரில் அஸ்ரே ஆசாதேகான்! பூட்டுப் போட்டவர்கள்தான் களைத்திருப்பார்கள், அந்த மனிதர் களைக்கவில்லை.

"2000 ஏப்ரலில் அதையும் மூடினார்களே" என்பார் அண்ணன். மூடினார்கள். ஆசிரியரை மறுபடி சிறை வைத்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட இதழ்களை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். வடை மடிக்கவும் ஆகாத காகிதத்துக்கு எதற்கண்ணே இத்தனை நீதிமன்றம், இத்தனை சிறை? 1999 ஜூலையில் ஸலாம் நாளிதழை மூடியதும் தெஹ்ரான் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டு வந்தார்களே, போலீசும் அடியாட்களும் அவர்கள் விடுதிக்குள் புகுந்து அடித்தார்களே, உயிர்கூடப் போனதே, அதுவும் அந்தக் காகிதத்துக்காகத்தானே?

வழக்கு, சட்டம் எல்லாம் இருக்கட்டும். 2022 செப்டம்பர். ஹிஜாப் சரியில்லை என்று பிடித்துப்போன 22 வயது மஹ்ஸா அமினி, காவலில் விழுந்து, தெஹ்ரான் மருத்துவமனையில் கிடக்கிறாள். ஷர்க் நாளிதழின் நிருபர் நிலூஃபர் ஹமேதி அங்கே போகிறார். வராந்தாவில் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தை உலகம் பார்த்தது அவரால்தான். சில நாளிலேயே கைது. ஜாமீனில் வெளியே வர 2024 ஜனவரி ஆனது.

அண்ணே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருக்கும். அவளுக்கு ஒன்று என்றால், சிறைக்குப் பயப்படாமல் ஒரு நிருபர் அந்த வராந்தாவுக்கு வர வேண்டாமா? அவர் வருவார் என்று நம்புகிறவர்கள் எங்கள் அணிக்குக் கை தட்டுங்கள். நன்றி, வணக்கம்.