எபிசென்டருக்கு ஆழம் உண்டா?

[திரையில்: நிலத்தின் குறுக்குவெட்டு. அடியில் சிவப்புப் புள்ளி, நேர் மேலே தரையில் நட்சத்திரக் குறி]

"எபிசென்டர் 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது." நிலநடுக்கச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் வரி. ஆனால் எபிசென்டருக்கு ஆழமே கிடையாது.

பூமிக்கடியில் பாறை முதன்முதலில் உடைந்து நழுவத் தொடங்கும் இடம் கீழ்மையம். அதற்கு நேர் மேலே, தரைப்பரப்பில் இருக்கும் புள்ளிதான் மேல்மையம், அதாவது எபிசென்டர். அட்சரேகை, தீர்க்கரேகை சொன்னால் மேல்மையம் கிடைத்துவிடும். ஆழம் கீழ்மையத்துக்கு உரியது.

[திரையில்: நில அதிர்வுப் பதிவுக் கோடு]

புள்ளியை எப்படிப் பிடிக்கிறார்கள்? இந்தக் கோட்டைப் பாருங்கள். முதலில் சின்னதாகத் துடிப்பது பி அலை. மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம். பின்னால் பெரிதாக எகிறுவது எஸ் அலை. சுமார் மூன்றரை கிலோமீட்டர். இரண்டும் வந்து சேரும் நேர இடைவெளியை 8 ஆல் பெருக்கினால், தோராயமாகத் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். இடைவெளி 20 நொடி என்றால் 160 கிலோமீட்டர். எந்தத் திசை என்பதை அந்தத் தூரம் சொல்லாது. அதனால் அதிர்வைப் பதிவுசெய்த நிலையத்தைச் சுற்றி அந்த ஆரத்தில் ஒரு வட்டம். குறைந்தது மூன்று நிலையங்களின் வட்டங்கள் வேண்டும்.

வரைந்து பார்த்தால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்காமல், நடுவில் சின்ன முக்கோணம் விழும். கணக்கில் வந்தது கீழ்மையம் வரையிலான சாய்வுத் தூரம் என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆழத்தைக் கணிப்பதுதான் கடினம். அருகில் நிலையம் இல்லாவிட்டால் விடை நிலையாக நிற்காது. அப்போது ஆழத்தை 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவது வழக்கம். செய்திகளில் அந்த எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

[திரையில்: சுமத்ரா முதல் அந்தமான் வரை நீளும் சிவப்புக் கோடு]

இன்னொன்று, மேல்மையம் காட்டுவது உடைவு தொடங்கிய இடத்தை மட்டுமே. 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் புள்ளி வடக்கு சுமத்ராவின் மேற்குக் கடலோரத்தில் இருந்தது. உடைவோ அங்கிருந்து வடக்கே அந்தமான் நோக்கி 1,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது.

சேதமும் புள்ளியைச் சுற்றியே இருக்க வேண்டியதில்லை. 1985இல் மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் தொடங்கிய நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கு அப்பால் மெக்சிகோ நகரத்தில் கட்டடங்களைச் சாய்த்தது. அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்களிமண் மேல் நிற்கிறது. வந்த அதிர்வை அந்த மண் பலமடங்கு பெருக்கிவிட்டது.