உயிர் என்று தெரிந்த பிறகு

நண்பர்களே, வணக்கம்.

வேற்றுலக உயிர் என்றதுமே கண்ணாடிக் குடுவை உடைவதும் சைரன் அலறுவதும்தான் நம் மனக்கண்ணில் ஓடும். உண்மையில் அப்படி ஒரு நாள் வந்தால், ஆய்வகத்தில் எந்தச் சத்தமும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஒருவர் ஏட்டில் ஓர் எண்ணைக் குறித்திருப்பார். சில நாள் கழித்து அதே இடத்தைப் பார்த்து வேறோர் எண்ணைக் குறிப்பார். கை நடுங்கும். கிட்டத்தட்ட இதுபோல ஒன்று நடந்தும் இருக்கிறது.

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை அள்ளிவந்து, 2020 டிசம்பரில் பூமியில் சேர்த்தது. பூமியின் காற்றுப் படாமல் பொத்திப் பொத்திக் காத்த மண் அது. அதில் மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துகள் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனது. முதலில் எக்ஸ் கதிரால் உள்வரை படமெடுத்தார்கள். உயிரின் சுவடே இல்லை. பிறகு பிசினில் பதித்து, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். கல்லின் முகத்தில் மெல்லிய இழைகள், குச்சி குச்சியாக உருவங்கள். எண்ணிப் பார்த்தால் 11. பின்னொரு நாள் எண்ணியபோது 147. அதற்கும் பிறகு 36.

கறை என்றால் இருந்தபடியே இருக்கும். இவை பெருகின, பிறகு மடிந்தன. 5.2 நாளுக்கு ஒரு தலைமுறை என்று கணக்கும் போட்டார்கள். ஆய்வகத்தில் இருந்த அந்தச் சிறுகோள் துகளில் உயிர் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ரியுகுவின் உயிர் அல்ல. முதலில் எடுத்த படத்தில் இல்லாததும், பெருகிய விதமும் பூமியின் நுண்ணுயிரைத்தான் காட்டின. நாம் போட்ட அத்தனை பூட்டையும் தாண்டி நம் வீட்டு விருந்தாளியே அங்கே குடியேறியிருக்கிறது!

இதைக் கேட்டு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு ஏமாற்றமில்லை. சூரியக் குடும்பம் பிறந்த காலத்துக் கரிமப் பொருள், இன்றைய நுண்ணுயிருக்கு இரையாக முடியும் என்று அந்தத் துகள் காட்டிவிட்டது. அதைவிட முக்கியம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த அந்தப் பொறுமை. 1984-இல் அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கல்லை நினைத்துப் பாருங்கள். 1996-இல் அதனுள் புழுப்போன்ற நுண்ணிய வடிவங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்க அதிபரே மேடையேறிப் பேசினார். ஆனால் அந்த வடிவங்கள் அசையவில்லை, பெருகவில்லை. வடிவத்தை மட்டும் வைத்து வாதாடியதால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இன்று பெரும்பாலோர் அதை உயிரென்று ஏற்பதில்லை.

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கின. மண்ணில் ஊட்டக் கரைசலைச் சொட்டுவிட்டு, ஏதாவது வாயு வருகிறதா என்று பார்த்தன. வந்தது! அது உயிரின் மூச்சா, வெறும் வேதிவினையா? தெரிந்துகொள்ள, அதே மண்ணில் இன்னொரு பங்கை 160 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிவிட்டுச் சோதித்தார்கள். வாயு வரவில்லை. உயிரின் மூச்சாக இருந்தால் அப்படித்தான் நின்றுபோகும். ஆனாலும் வேறொரு கருவி கரிமப் பொருள் எதையும் உறுதிசெய்யாததால், அது வேதிவினைதான் என்ற பக்கமே பலரும் சாய்ந்தார்கள். அந்த முடிவு இருக்கட்டும். முறையைப் பாருங்கள். உயிர் இருக்கிறதா என்று அறிய, இருந்திருந்தால் அதைச் சாகடித்து, சாகாத பங்கோடு ஒப்பிட்டோம்.

அறிவியலின் கண்ணில் இதில் பிழையில்லை, ஒப்பீடு இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. ஆனால் நம் ஆய்வக வழக்கம் முழுவதுமே இப்படித்தான் அமைந்திருக்கிறது. அறுக்கிறோம், பிசினில் புதைக்கிறோம், அமிலத்தில் கரைக்கிறோம், எலக்ட்ரான் கற்றையால் சுடுகிறோம். கல்லுக்கு இது சரி. மேசையில் இருப்பது கல் அல்ல என்று தெரிந்த அந்த நொடியில்?

அந்த நொடியில் கையை எடுக்க வேண்டும் என்கிறேன். முதலில் நம் கிருமிதானா என்று பார்க்கட்டும். ரியுகு கற்றுத்தந்த பாடம் அது. இல்லையென்று ஆனால், சிதைக்காத சோதனைகள் மட்டும். அதன் சூடு, வளி, ஈரம் எதையும் நம் வசதிக்காக மாற்றக் கூடாது. ஒரே ஒரு துளிதான் இருக்கிறதென்றால், அதை அறுத்துத்தான் அறிய முடியும் என்றால், அறியாமலே இருப்போம்.

இது நடக்காத கதை இல்லை. 2023-இல் பென்னு சிறுகோளிலிருந்து வந்த 121.6 கிராமில் எழுபது சதவீதத்துக்கும் மேல் வருங்கால ஆய்வாளர்களுக்கென ஒதுக்கிவைக்க நாசா திட்டமிட்டது. அப்பல்லோ-17 வீரர்கள் 1972-இல் மூடி முத்திரையிட்ட ஒரு நிலவு மண் குழாயை 2022-இல்தான் திறந்தார்கள். ஐம்பது ஆண்டு காத்திருக்க நம்மால் முடிந்திருக்கிறது.

செவ்வாயில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி மாதிரிகளைச் சேகரித்து விட்டுவைத்த பத்துக் குழாய்கள் இப்போது தரையில் கிடக்கின்றன. அவற்றை எப்போது, யார் எடுத்துவருவார்கள் என்பது முடிவாகவில்லை. திறப்பதற்கான கூடமும் எழும்பவில்லை. உள்ளே இருப்பது உயிரென்று தெரிந்தால் என்ன செய்யக் கூடாது என்பதை அந்தக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே எழுதிவிடுங்கள் என்றுதான், இங்கே வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.