ஆசிரியர் இல்லாமல் கிரேக்கம் படித்தது எப்படி?

போன காணொளியில் பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பற்றிச் சொன்னேன். தனக்குக் கிடைத்த, கிரேக்கக் கவி ஹோமரின் சுவடியை வாசிக்கத் தெரியாமல், அதைக் கட்டிப்பிடித்துப் பெருமூச்சு விட்டவர். அதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர், "அப்படியானால் பின்னால் வந்த இத்தாலிக்காரர்கள் மட்டும் கிரேக்கத்தை எப்படிப் படித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1397ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) கிரேக்க அறிஞர் மானுவேல் கிரிசோலோராஸ் ஃப்ளாரன்ஸுக்குப் பாடம் சொல்ல வந்தார். சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்டோ புரூனி, 'சட்டம் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கிரேக்கத்துக்கு இவர் ஒருவர்தான்' என்று அவரிடம் போய்ச் சேர்ந்தார். பகலில் படித்தது இரவில் தூக்கத்திலும் ஓடியதாம். கிரிசோலோராஸின் இலக்கணம் கேள்வி பதிலாகவே போகும். பெயர்ச்சொல் வகைகளைப் பத்தாகக் குறைத்து மாணவர்களின் பாரத்தை இறக்கி வைத்தவர் அவர்.

சரி, ஆனால் 'முதலில் எதை வாசித்தார்கள்?' என்று நேயர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஏனென்றால் அங்கேதான் அம்புரோஜியோ திராவெர்சாரி வருகிறார். ஃப்ளாரன்ஸில் ஒரு மடத்துத் துறவி. ஆசிரியர் துணை இல்லாமல் படித்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பைபிளில் உள்ள துதிப்பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகம் லத்தீனில் அவருக்கு மனப்பாடம். கிரேக்கச் சங்கீதத்தை எடுத்து, வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டார். அப்புறம் நற்செய்திகள், பவுலின் நிருபங்கள், அதாவது கடிதங்கள். 1439ல் ஃப்ளாரன்ஸ் திருச்சபைச் சங்கத்தில் கிரேக்கர்களுக்கும் லத்தீன்காரர்களுக்கும் நடுவே மொழிபெயர்த்தவர்களில் இவரும் ஒருவர்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தெரிந்த பாடத்தைத் தெரியாத மொழியில் வாசியுங்கள். யோவான் நற்செய்தியின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆதியிலே வார்த்தை இருந்தது." கிரேக்கர்கள் வாசிக்கிறபடி, "என் அர்ஹி ஈன் ஓ லோகோஸ்." 'என் அர்ஹி' ஆதியிலே, 'ஈன்' இருந்தது, 'லோகோஸ்' வார்த்தை. அகராதியைத் தொடாமலே மூன்று சொல் கைக்கு வந்துவிட்டது, பாருங்கள்! முதன்முறை இப்படி வாசித்த அன்று எனக்கு உறக்கமே வரவில்லை.

1495ல் வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸ் அச்சிட்ட லாஸ்காரிஸின் கிரேக்க இலக்கணத்தில், எதிர்ப்பக்கத்தில் லத்தீன் இருக்கும். அதோடு அவர் சேர்த்துக் கொடுத்த வாசிப்புப் பாடங்கள் என்ன தெரியுமா? பரலோக மந்திரம், மரியாள் வாழ்த்து, இதே யோவானின் தொடக்கம்.