பிரெஞ்சின் அண்மை எதிர்காலத்துக்குத் தமிழிலிருந்தே போகலாம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஃப்யுத்யூர் ப்ரோஷ், அதாவது பிரெஞ்சின் அண்மை எதிர்காலம். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் படிக்காதீர்கள். நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற இலக்கணம் இது.

"மழை பெய்யப் போகிறது" என்று சொல்லிப் பாருங்கள். மழை எங்கும் நடந்து போகவில்லை. 'பெய்ய' என்ற செயவென் எச்சத்தோடு 'போ' துணைவினையாகச் சேர்ந்து, இதோ நடக்கவிருக்கிறது என்று சொல்கிறது. பிரெஞ்சில் இதே வாக்கியம் 'இல் வா ப்ளுவுவார்'. இதில் 'வா' என்றால் போகிறது, 'ப்ளுவுவார்' என்றால் பெய்ய. துண்டுகள் அவையே, வரிசைதான் தலைகீழ். போவதைக் குறிக்கும் சொல் நம் காதில் 'வா' என்று விழுவது முதல் சில நாட்கள் தடுமாற வைக்கும், பிறகு பழகிவிடும்.

நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது 'போ' என்று பொருள்படும் 'அலே' என்ற ஒரே வினையின் நிகழ்காலம். பலகையைப் பாருங்கள்: ஜெ வே (நான்), த்யு வா (நீ), இல் வா (அவன்), எல் வா (அவள்), ஓன் வா (நாம்), நூஸ் அலோன் (நாங்கள்), வூஸ் அலே (நீங்கள்), இல் வோன் (அவர்கள்). அன்றாடப் பேச்சில் 'நாம்' என்பதற்கு பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் 'ஓன் வா' என்றே சொல்வார்கள், ஆகவே அதை ஓரத்தில் தள்ளிவிடாதீர்கள். 'நூ', 'வூ' இரண்டிலும் கடைசியில் ஊமையாக இருக்கிற எஸ், அடுத்து உயிரெழுத்து வந்ததும் விழித்துக்கொள்ளும். 'வூ அலே' என்று பிரித்துச் சொல்லாமல் 'வூஸலே' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

அடுத்து வருகிற வினை அசையவே அசையாது. நானோ, நீயோ, அவர்களோ, அது மூலவடிவத்திலேயே நிற்கும். ஜெ வே மான்ஜே (நான் சாப்பிடப் போகிறேன்), இல் வோன் மான்ஜே (அவர்கள் சாப்பிடப் போகிறார்கள்). 'போகப் போகிறேன்' என்று நாம் கூசாமல் சொல்கிறோம் அல்லவா? அதேபோல 'ஜெ வே அலே' என்பதும் சரியான பிரெஞ்சுதான்.

எழுதும்போதுதான் ஆபத்து. 'மான்ஜே' என்ற ஒலியை முக்கியமாக இரண்டு விதமாக எழுதலாம்: கடைசியில் ஆர் போட்டால் 'சாப்பிட', ஈ எழுத்தின் மேல் சாய்கோடு போட்டால் 'சாப்பிட்ட'. காதுக்கு வேறுபாடே இல்லை. பிரான்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இதில் தவறுகிறார்கள். அங்கே பள்ளியில் சொல்லித்தரும் உத்தி எனக்கு மிகவும் பிடிக்கும்: அந்த இடத்தில் விற்பதைக் குறிக்கும் 'வாந்த்ர்' என்ற வினையை வைத்துப் பாருங்கள். 'ஜெ வே வாந்த்ர்' (விற்க) பொருந்துகிறது, 'ஜெ வே வாந்த்யு' (விற்ற) பொருந்தவில்லை. அப்படியானால் ஆர்தான்.

எதிர்மறைக்கு வருவோம். 'சாப்பிடப் போவதில்லை' என்னும்போது நாம் 'சாப்பிட' என்பதைத் தொடுவதில்லை, 'போ'வைத்தான் மறுக்கிறோம். பிரெஞ்சும் அப்படியே. ஜெ ந வே பா மான்ஜே. 'ந'வும் 'பா'வும் 'வே'யை இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. பேச்சில் 'ந' கரைந்துபோய் 'ஜெ வே பா மான்ஜே' என்று கேட்கும். தேர்வில் மட்டும் முழுதாக எழுதுங்கள்.

'அவனைப் பார்க்கப் போகிறேன்' என்பதில் 'அவனை' எங்கே இருக்கிறது? 'பார்க்க' என்பதற்கு முன்னால். 'ஜெ வே லெ வுவார்' என்பதிலும் 'லெ' அங்கேதான் நிற்கிறது. ஆங்கிலத்தை நினைத்தால் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பீர்கள். எழுந்திருப்பது போன்ற தற்சுட்டு வினைகளில், அதாவது செய்பவரையே சுட்டும் சிறு சொல்லோடு வரும் வினைகளில், இன்னொரு கவனம் வேண்டும்: ஜெ வே ம லெவே, த்யு வா த லெவே. அகராதியில் 'ஸ லெவே' என்று இருப்பதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

இனி, நான் மிகவும் ரசிக்கிற இடம். 'அண்மை' என்ற பெயரைப் பார்த்து, சில நிமிடங்களில் நடப்பதற்கு மட்டுமே இது என்று நினைக்காதீர்கள். 'எல் வா அவுவார் அன் ஆன்ஃபான்' என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கலாம், ஆனால் அவள் இப்போதே கருவுற்றிருக்கிறாள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். 'எல் ஒரா அன் ஆன்ஃபான்' என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கும், என்றைக்கோ ஒரு நாள். இது ஃப்யுத்யூர் சாம்ப்ள், தனி எதிர்காலம். 'பிறக்கும்', 'பிறக்கப் போகிறது' இரண்டையும் எங்கே சொல்வது என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்தக் காதையே இங்கும் நம்புங்கள். பிரான்ஸில் ரயில் நிலையத்தில் நின்றால், வண்டி 'வா ஆந்த்ரே ஆன் கார்' என்று அறிவிப்பார்கள், நிலையத்துக்குள் நுழையப் போகிறது என்று. தண்டவாளத்தில் வண்டி தெரிகிற நேரம் அது.

'போ'வை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனாலும் இரு மொழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. 'விழப் போனான்' என்றால் விழவில்லை, மயிரிழையில் தப்பினான். பிரெஞ்சில் 'இல் அலெ தோன்பே', விழும் தறுவாயில் இருந்தான்; விழுந்தானா இல்லையா என்பதை அங்கே சூழல்தான் சொல்லும். இதற்கு அன்பர்ஃபே, அதாவது முடிவுறாத இறந்தகால வடிவம் மட்டுமே வரும்.

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள் தருகிறேன். நாளை அவளை அழைக்கப் போகிறேன். நாங்கள் தூங்கப் போவதில்லை. நாங்கள் வந்தபோது பஸ் புறப்படப் போனது. முதலாவதில் 'லா' தன் உயிரெழுத்தை இழக்கும், அதைக் கவனித்து எழுதுங்கள். விடைகளோடு அடுத்த காணொளியில் சந்திக்கிறேன்.